அத்தியாயங்களுக்கு நடுவே குடியிருந்தவர்கள்

பாளையங்கோட்டையில் இரண்டு பெண்கள் சேர்ந்து குடித்தனம் நடத்த வேண்டுமென்றால் நாவலில்தான் இடம் கிடைக்கும். வீடுகள் குடும்பத்துக்கு மட்டும். நாவல்கள் அப்படியில்லை. பெண்ணும் பெண்ணும் காதலிக்கிற கதைகள் என்றே தனியாக எழுதிப் போட்டிருக்கிறார்கள். அதில் போய் இருந்துகொள்ளலாம். தண்ணீர்க் கஷ்டம் கிடையாது. பெரும்பாலும் மாடி, பால்கனி, பூந்தொட்டி என்று வசதியாகவே இருக்கும். யாராவது வாசிக்கிற நேரத்தில் லைட் எரியும், ஃபேன் ஓடும். ஒரே நிபந்தனை, கதைப்படி நடக்க வேண்டும்.

இசக்கி பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். சொந்த ஊர் வள்ளியூர். அம்மா அங்கே இருந்தாள். பிரிசில்லா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். உயரமான பெண், ஆனால் குரல் எழும்பாது. ஊசியை எடுத்தால் எல்லோரிடமும் முதலில் "குத்தட்டுமா?" என்று கேட்பாள். அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் குத்துவாள். சின்னப் பிள்ளைகளிடமும் அப்படித்தான். இசக்கி காய்ச்சலுக்கு ரத்தம் கொடுக்கப் போனபோது அவளிடமும் கேட்டாள். இசக்கியிடம் அதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

காய்ச்சல் போன பிறகும் இசக்கி அங்கே போனாள். சர்க்கரைக்குப் பார்த்தாள், தைராய்டுக்குப் பார்த்தாள், கொழுப்புக்குப் பார்த்தாள். பார்ப்பதற்கு வேறெதுவும் பாக்கியில்லை என்று ஆனதும், "இனிமே எடுக்க என்கிட்ட ரத்தம் இல்ல. வெளிய போய் ஒரு டீ குடிப்பமா?" என்று கேட்டாள். பிரிசில்லா பஞ்சை டப்பாவில் வைத்து மூடிவிட்டு எழுந்து வந்தாள். அவர்கள் காதல் இப்படித்தான் தொடங்கியது.

வீடு தேடி அலைந்து பார்த்துவிட்டு, எல்லோரையும் போல அவர்களும் புரோக்கர் சுடலைமுத்துவிடம் போனார்கள். அவர் அவர்களைச் சந்தைப் பக்கம் ஒரு புத்தகக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு நாவலைக் காட்டினார்.

"புதுசு. நல்லா ஓடுது. பஸ்ஸுல, ஆஸ்டல்ல எல்லாம் பிள்ளைங்க படிக்கி. கரண்டு பிரச்சினையே வராது பாத்துக்கிடுங்க."

"முடிவு எப்படி?" என்று பிரிசில்லா கேட்டாள்.

"சந்தோஷமா முடியும்மா. சோகமா முடியிறது அந்தா அந்த அலமாரியில இருக்கு. வாடகை கொறச்சல்தான். ஆனா ரெண்டு பேர்ல ஒருத்தி லாரியில அடிபடணும். இல்லன்னா மாமன் மகனைக் கட்டிக்கிடணும். உங்களுக்கு எதுக்கு அது?"

அவர்கள் சந்தோஷமாக முடிவதை எடுத்துக்கொண்டார்கள்.

குடிபோன அன்றைக்கு இசக்கி தன் பெட்டியைத் தூக்கப் பார்த்தாள். பெட்டி வரவில்லை. அது கனமான பெட்டி இல்லை. கதையில் அவளுக்குத் தூக்குகிற வினைச்சொல் கொடுக்கப்படவில்லை. அவளுக்குக் கொடுத்திருந்தவை வேறு: உதட்டைக் கடிப்பது, விழிகளை அகலத் திறப்பது, நடுங்குவது, காத்திருப்பது, விசும்புவது. இசக்கி பெட்டியின் பக்கத்தில் நின்று உதட்டைக் கடித்தாள். பிரிசில்லா வந்து ஒரு கையால் தூக்கிக்கொண்டு போனாள். பிரிசில்லாவுக்கு இடுப்பு வலி உண்டு. ஆனால் நாவலில் அவள் ஒரு பெரிய கம்பெனியின் முதலாளி. கறுப்புக் கார் ஒன்று இருந்தது. கோபம் இருந்தது. யார் மணிக்கட்டையாவது பிடித்து இழுக்கிற பழக்கமும் இருந்தது. பிடித்து இழுப்பதற்கு அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

முதல் பக்கத்திலேயே இசக்கி வேலையை இழந்திருந்தாள். மறுநாள் அவளுடைய வேனை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போனதைப் பால்கனியிலிருந்து பார்த்தாள். பிள்ளைகள் கையசைத்தார்கள். அவள் விழிகளை அகலத் திறந்தாள்.

வள்ளியூரிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"நான் செத்துப்போனதா ரெண்டாவது பக்கத்துல போட்டிருக்காம்லா?"

"ஆமாம்மா. எனக்கு யாரும் கிடையாதுன்னாத்தான் அவ மேல சாஞ்சு நிக்க முடியும்னு அப்படி வச்சிருக்காங்க."

"சரி. உனக்குத் தங்குறதுக்கு எடம் கெடச்சா போதும். கருவாடு வாங்கி வச்சிருந்தேன். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருதேன்" என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்தாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து அழைப்பு வரவில்லை.

நாட்கள் கதைப்படி போயின. பிரிசில்லா காரில் வந்து இறங்குவாள். இசக்கி ஜன்னலோரம் காத்திருப்பாள். ஒருமுறை, கொடைக்கானலுக்குப் போகலாம் என்று கதையில் வந்தது. இசக்கிக்கு மலைப்பாதையில் பின்சீட்டில் உட்கார்ந்தால் குமட்டும். தானே ஓட்டினால் ஒன்றும் செய்யாது. "வேண்டாம்" என்று சொன்னாள். சொன்னது அவள் காதிலேயே அப்படி விழவில்லை. 'நாணத்தால் அவள் முகம் சிவந்தது' என்று விழுந்தது. முகம் சுடுவது தெரிந்தது. இன்னொரு தரம் சொன்னாள். இன்னும் கொஞ்சம் சிவந்தது.

பிரிசில்லாவுக்கு அந்த 'வேண்டாம்' கேட்டுவிட்டது. அவள் கண்ணைப் பார்த்தால் கேட்டிருக்கிறது என்று தெரிந்தது. குத்தட்டுமா என்று கேட்கிற அந்தப் பார்வை ஒரு கணம் வந்து நின்றது. ஆனால் அந்த நாவலில் யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. அவள் கை நீண்டு இசக்கியின் மணிக்கட்டைப் பிடித்துக் கார்வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. எங்கோ ஒரு ஆஸ்டலில் யாரோ பெருமூச்சு விட்டிருக்க வேண்டும். வீட்டு லைட் எல்லாம் பளிச்சென்று எரிந்தன.

அத்தோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

அத்தியாயத்துக்கும் அத்தியாயத்துக்கும் நடுவே கொஞ்சம் வெள்ளை இடம் இருந்தது. குடிவந்த புதிதில் அவர்கள் அதைக் கவனிக்கவில்லை. அங்கே லைட் கிடையாது, ஃபேன் கிடையாது, கதையும் கிடையாது. பகல் வெளிச்சம் மட்டும் இருந்தது. பிரிசில்லா கையை விட்டாள். தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து, "தேய்க்கட்டுமா?" என்று கேட்டாள். இசக்கி மணிக்கட்டை நீட்டினாள்.

"வலிக்கா?"

"வலிக்கி."

"நான் புடிக்கலட்டி."

"தெரியும்."

அந்த வெள்ளை இடத்தில் அவர்கள் துணி துவைத்தார்கள். சாளை மீன் வாங்கிக் குழம்பு வைத்தார்கள். யாருக்குத் தலையில் பேன், யார் துண்டை யார் ஈரமாக்கியது என்று சண்டை போட்டார்கள். பெட்டியைத் தூக்கினால் தூக்க வந்தது. பிரிசில்லா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். இசக்கி வெந்நீர் வைப்பாள். இசக்கி போனை எடுத்து வள்ளியூருக்குப் போட்டுப் பார்ப்பாள். மணி அடிக்கும், எடுக்க மாட்டார்கள். செத்துப்போனவர்கள் எந்த இடத்திலும் செத்துப்போனவர்கள்தான். அது ஒன்றைத் தவிர அங்கே எல்லாம் நன்றாக இருந்தது.

பிறகு சந்தேக அத்தியாயம் வந்தது. பிரிசில்லாவின் சித்தி மகன் செல்வின் சென்னையிலிருந்து வந்து அக்காவைக் கட்டிப்பிடிக்க, இசக்கி அதைத் தப்பாக நினைக்க வேண்டும். இசக்கிக்குச் செல்வினை நன்றாகத் தெரியும். ஒருமுறை வேன் ஹாரனைப் பழுது பார்த்துக் கொடுத்தவன் அவன்தான். இருந்தாலும் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. 'அவன் என் தம்பி' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். பிரிசில்லா அதைச் சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் போன் அடித்தது, இல்லாவிட்டால் கதவு தட்டப்பட்டது, இல்லாவிட்டால் அவளுக்கே ஒரு கௌரவம் வந்து தடுத்தது. புத்தகத்தில் கால்வாசி அப்படியே போனது. நடுவில் கிடைத்த வெள்ளை இடங்களில் செல்வின் வந்து அவர்களோடு டீ குடித்தான். "இன்னும் எத்தனை பக்கம் நான் கட்டிப்பிடிக்கணும்?" என்று கேட்டான். லீவு முடிகிறது என்று கவலைப்பட்டான்.

முதல் பாகம் முடிந்து இரண்டாம் பாகம் தொடங்குகிற இடத்தில் பெரிய வெள்ளை இடம் இருந்தது. அந்த இடத்தில் அவர்கள் பெருமாள்புரத்துக்குப் பஸ் ஏறி, நாவலை எழுதிய ஹேமாவதியைப் பார்க்கப் போனார்கள்.

ஹேமாவதி நல்ல பெண்மணி. கதவைத் திறந்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். உள்ளே உட்காரச் சொல்லி முறுக்கும் காபியும் கொண்டுவந்தாள். இசக்கி காபியைத் தானே எடுத்துக் குடித்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க, வீட்டுல ஏதாவது குறையா?"

"வீட்டுல குறை இல்லம்மா" என்றாள் இசக்கி. "நான்தான் ஒண்ணும் செய்யாம இருக்கேன். ஒரு கதவு திறக்கதுக்கும் இவ வரணும். வேண்டாம்னு சொன்னா வெக்கம்னு விழுது. இவளுக்கும் இழுத்து இழுத்து கை வலிக்கி. இவ அப்படிப்பட்டவ இல்லம்மா. நாங்க டீ குடிக்கப் போனதே நான் கூப்பிட்டுத்தான்."

"அப்படி எழுதினா யார் வாசிப்பாங்க?" ஹேமாவதி கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டாள். "ரெண்டு பேரும் கேட்டுக் கேட்டு நடந்துக்கிட்டா கதை எங்கேருந்து வரும்? வாசிக்க ஆள் இல்லைன்னா உங்களுக்குத்தான் கரண்ட் போயிடும்."

"இருட்டுல இருந்துக்கிடுதோம்" என்றாள் இசக்கி.

ஹேமாவதி முறுக்கை உடைத்து, தின்னாமல் தட்டிலேயே வைத்தாள்.

"எனக்கும் ஒருத்தி இருந்தா. வேலை மாத்திக்கிட்டு போகும்போது, 'நீ வர்றியா?'ன்னு கேட்டா. கேட்டுட்டு நின்னா. நான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். ரயில் வந்தது, ஏறிட்டா. என் கையைப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்திருந்தா நானும் போயிருப்பேன். கேட்டதனாலதான் போகாம இருந்துட்டேன்." அவள் பிரிசில்லாவைப் பார்த்தாள். "அதனாலதான் யாரையும் கேட்க விடுறதில்ல."

தெருவில் கோலமாவு விற்கிறவர் கூவிக்கொண்டு போனார்.

"உங்களுக்கு அதுல எந்த இடமும் நல்லாயில்லையா?" என்று ஹேமாவதி கேட்டாள். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. இசக்கிக்கு மனசு இளகிவிட்டது. அதனால்தான் சொன்னாள்.

"அத்தியாயத்துக்கு நடுவுல நல்லா இருக்கோம்மா. கொஞ்சம் வெள்ளை இடம் விட்டிருக்கீங்கள்லா, அங்க."

ஹேமாவதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அங்கே ஆள் இருப்பது தனக்குத் தெரியாது என்றாள். என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். பிரிசில்லா எண்ணெய் தேய்ப்பதைச் சொன்னாள், சாளைக் குழம்பைச் சொன்னாள், வெந்நீரைச் சொன்னாள். ஹேமாவதி ஆசையாகக் கேட்டுக்கொண்டாள். வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பினாள். "உங்களுக்கு நல்லது செய்யறேன்" என்றாள். பஸ்ஸில் திரும்பும்போது பிரிசில்லா இசக்கியின் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

வீட்டுக்கு வந்தபோது வெள்ளை இடம் இல்லை. வரி வரியாக எழுதி நிரப்பியிருந்தது. தாள் வீணாகாமல் போனதில் பதிப்பகத்துக்கும் சந்தோஷம் என்று பிறகு தெரிந்தது.

எண்ணெய் தேய்க்கிற காட்சி அதில் இருந்தது. ஒரு பொழுது விடாமல் அதைச் செய்ய வேண்டியிருந்தது. பிரிசில்லா மண்டியிட்டு எண்ணெய் தேய்த்தாள். தேய்க்கட்டுமா என்கிற கேள்வி மட்டும் விட்டுப்போயிருந்தது. இசக்கி விசும்பிவிட்டு, "உன் கோபம்கூட எனக்குப் பிடிக்கும்" என்று சொன்னாள். அது அவளுக்குக் கொடுத்திருந்த வசனம். சொல்லி முடித்தபோது பிரிசில்லாவின் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு தேய்த்தன. நாவல் முன்பைவிட நன்றாக ஓடியது. ஃபேன் நிற்கவே இல்லை.

இசக்கி போய்விடுவது என்று முடிவெடுத்தாள். அந்த வீட்டுக்குள் வந்த பிறகு அவள் எடுத்த முதல் முடிவு. ஒரு மாலையில், செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். கதவு திறந்தது. கால் நடந்தது. யாரும் தடுக்கவில்லை. புதிய பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தாள். வழியில் தன் கால்கள் தனக்கே கீழ்ப்படிவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. நாகர்கோவில் பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றாள். வள்ளியூரில் இறங்கி அம்மா வீட்டுக் கதவைத் தட்டலாம். அவள் செத்துப்போயிருந்தாலும் கதவைத் திறக்கலாம்.

அப்போது மழை பெய்கிற சத்தம் கேட்டது. பாளையங்கோட்டையில் மழை பார்த்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. இசக்கி திரும்பிப் பார்த்தாள். பிரிசில்லா ஓடி வந்துகொண்டிருந்தாள். மழை அவள்மேல் மட்டும் பெய்தது. அவள் திரும்புகிற பக்கமெல்லாம் கூடவே திரும்பியது. வேர்க்கடலை விற்கிறவர் தன் கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

இசக்கிக்குப் புரிந்துவிட்டது. இது பிரிவு அத்தியாயம். ஒருத்தி விட்டுப் போக வேண்டும், இன்னொருத்தி மழையில் ஓடி வர வேண்டும். அவள் எடுத்த முடிவு முன்பே அச்சில் இருந்தது. கதவு திறந்ததும் கால் நடந்ததும் அதனால்தான்.

பிரிசில்லா எதிரே வந்து நின்றாள். தண்ணீர் ஒழுகியது. "நீ இல்லாமல் நான் வெறும் கூடு" என்றாள். "உலகமே எதிர்த்தாலும் உன்னை விடமாட்டேன்" என்றாள். "நீ எனக்குச் சொந்தம்" என்றாள்.

இசக்கி அவள் முகத்தையே பார்த்தாள். தொண்டையில் இருந்ததையெல்லாம் கூட்டி, உதட்டைக் கடிக்கிற அந்த இழுப்பை மீறி, ஒரு வாக்கியத்தை வெளியே தள்ளினாள்.

"இது நீ பேசுதியா பிரிசில், அது பேசுதா?"

பிரிசில்லா வாயைத் திறந்தாள். போன் அடிக்கவில்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. மழை சீராகப் பெய்தது.

"தெரியல" என்றாள். அவள் பழைய குரல் அது. "முதல்ல தெரிஞ்சுது. இப்பம் எனக்கே தெரியலட்டி."

அதற்குள் கைகள் நீண்டு இசக்கியை அணைத்துக்கொண்டன. இசக்கியின் தலை பிரிசில்லாவின் தோளில் சாய்ந்தது. நாகர்கோவில் பஸ் வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நாவல் முடிந்தது.

முடிந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் எழுதப்படவில்லை. அதனால் அவர்கள் அப்படியே நின்றார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு அவர்கள் பழகிப்போனார்கள். காய்கறிக்காரிகள் பிரிசில்லாவின் மழையில் கீரைக்கட்டை நனைத்துக்கொண்டார்கள். தண்ணீர் பாட்டில் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. நாவலை வாசித்த கல்லூரிப் பெண்கள் வந்து பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். ஒருத்தி மட்டும் இசக்கியின் காதருகே குனிந்து, "அக்கா, நெஜமாவே சந்தோஷமா இருக்கீங்களா?" என்று கேட்டாள். இசக்கி பதில் சொன்னாள். அந்தப் பெண் அவள் முகம் சிவந்ததைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போனாள்.

ஒருநாள் ஹேமாவதி குடை பிடித்துக்கொண்டு வந்தாள். அடுத்த பதிப்பு வரப்போகிறது என்றாள். "ஒரே ஒரு சின்ன மாத்தம். இசக்கிங்கற பேரு வாசகர்களுக்குக் கொஞ்சம் கரடுமுரடா இருக்காம். மென்மையா வைக்கச் சொல்றாங்க. இனியான்னு மாத்திடறேன். உனக்கு ஒண்ணும் இல்லையேம்மா?" சில நிமிஷம் நின்று பார்த்தாள். ஈரமான தலைமுடியை இருவருக்கும் ஒதுக்கிவிட்டுப் போனாள்.

புதிய பதிப்பு வந்த அன்று காலையில் இசக்கி என்கிற பெயர் கழன்று விழுந்தது. அணைப்புக்குள் இனியா நின்றாள். விழுந்த பெயர் தரையிலிருந்து எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, கொஞ்ச நேரம் பஸ்களின் பலகைகளைப் படித்துக்கொண்டு நின்றது. நாற்பது வயதுக்குள் இருக்கிற, நல்ல உடல்கட்டுள்ள பெண்தான். பிறகு, நாவலில் எங்கேயும் வராத புளியங்குடிக்குப் போகிற பஸ்ஸில் ஏறியது.

முன்பக்க சீட்டில் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "அண்ணாச்சி, இது லேடீஸ் சீட்டு. எந்திரிங்க" என்று அது சொன்னது. அவர் எழுந்துகொண்டார். இறுகிப்போயிருந்த ஜன்னல் கண்ணாடியை இரண்டு கையாலும் தள்ளித் திறந்து, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டது. நடத்துநர் விசில் கொடுத்தார்.

இனியா உதட்டைக் கடித்தாள். பஸ் வளைவு திரும்பி மறைகிறவரைக்கும் பிரிசில்லாவின் கண்கள் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தன. கைகள் இனியாவை இறுக அணைத்திருந்தன.